தளிரசைவு

"ஆட்டம்" என்றது வாசல்காணி.

நாச்சியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒயிலாட்டப் பயிற்சி முடிந்து வேர்த்து விறுவிறுத்து வந்தவள், சலங்கையை மூலையில் வைத்துவிட்டு, விரலில் கட்டிய கைக்குட்டையைக்கூட அவிழ்க்காமல் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, காப்பி. உயிரு போகுது."

வாசல்காணி இல்லாத வீடு இன்றைக்கு மதுரையில் ஏது? நிலைக்கு மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு கண். போகிறவர் வருகிறவர் நடையையும் கைவீச்சையும் பார்த்துக்கொண்டே இருக்கும். கோளாறு தென்பட்டால், "நோய், இடது கால், மருத்துவரைப் பாருங்கள்" என்று பட்டென்று போட்டு உடைத்துவிடும். இல்லையென்றால், பார்த்த அசைவு எந்த வகை என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். வேலை, விளையாட்டு, பழக்கம், ஆட்டம். பக்கவாதம் வரப்போகிற ஆளை முன்கூட்டியே பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய புண்ணியம் அதற்கு நிறைய உண்டு. ஆகவே, ஒருத்தரை ஒருத்தர் உற்றுப் பார்ப்பதை ஜனங்கள் விட்டுவிட்டார்கள். அதுதான் பார்த்துக்கொள்கிறதே, நமக்கென்ன!

மாசிலாமணி காப்பியை ஆற்றிக் கொண்டுவந்து மகள் முன்னால் வைத்தார். அவள் பாதியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். கை இறங்கி மேசையைத் தொடப்போகிற நேரத்தில் விரல்நுனியில் மட்டும் ஒரு நடுக்கம், காற்று தொட்டுவிட்டுப் போன தளிர் மாதிரி. அது ஒன்றும் புதுசு இல்லை. ஊரில் பாதிப் பேர் கை அப்படித்தான் இறங்குகிறது. மாலை மாற்றுகிற மாப்பிள்ளையின் கை, சில்லறை கொடுக்கிற கடைக்காரர் கை, தோசையைத் தட்டில் போடுகிற கை. அதற்குத் தளிரசைவு என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரே மாசிலாமணிதான்.

ஆனால் இன்றைக்குக் காப்பி சிந்தியது.

"அய்யோ, வழுக்கிருச்சுப்பா" என்று நாச்சியார் புறங்கையால் மேசையைத் துடைத்தாள்.

மாசிலாமணி அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கையில் நிறைகுடம் இருந்தாலும் தளிரசைவு ஒரு சொட்டுச் சிந்தாது. அதுதான் அதன் அழகு என்று அகராதியில் எழுதியவரும் அவர்தான். அவர் மனைவி பவளக்கொடியின் கையிலும் இப்படித்தான் ஒருநாள் காலையில் காப்பி சிந்தியது. "வழுக்கிருச்சு" என்றுதான் அவளும் சொன்னாள். அப்புறம் கரண்டி நழுவியது, சீப்பு நழுவியது, கடைசியில் மூச்சும் நழுவிப் போனது. அப்போது நாச்சியாருக்கு ஒன்பது வயது.

"நாச்சி, கிளம்பு. டாக்டரம்மாவப் பாத்துட்டு வந்துருவோம்."

"எதுக்கு? வாசல்தான் ஆட்டம்னு சொல்லுதே?"

"சொல்லட்டும். நீ கிளம்பு" என்றார். அவர் குரல் போன போக்கைப் பார்த்து அவள் செருப்பை மாட்டினாள்.

மாசிலாமணிக்கு அசைவுக் காப்பகத்தில் விவரிப்பாளர் உத்தியோகம். நாட்டில் ஆடப்படுகிற ஆட்டத்தையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிற இடம் அது. பதிவை 'நறுக்கி' என்கிற இயந்திரம் வெங்காயம் அரிகிற மாதிரி சன்னமாக அரிந்து கொடுக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைத்து, விளக்கம் எழுதி, இன்ன வகை என்று தீர்ப்புச் சொல்வது மட்டும் மனிதர் வேலை. அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதக் கூடாது. கை போட்டுப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அதாவது அந்த அசைவைத் தன் உடம்பில் செய்து செய்து, அது படிந்த பிறகுதான் பெயர் வைக்கலாம். பஸ் ஸ்டாப்பில் நின்று தனக்குத்தானே கையைச் சுழற்றிக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்தால், பைத்தியம் என்று ஒதுங்க வேண்டாம், காப்பகத்து ஆளாக இருக்கும்.

இப்படிச் சேர்ந்ததுதான் அசைவகராதி. அதிலிருந்து எந்த ஆட்டத்தையும் எடுத்துப் பயிற்றாடையில் ஏற்றலாம். போட்டுக்கொண்டால் துணியே கையைப் பிடித்து இழுத்துச் சொல்லிக்கொடுக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதில்தான் ஆடக் கற்றார்கள். பிறகு வாசல்காணி செய்தவர்கள் வந்தார்கள். மனித அசைவு முழுவதையும் பெயர் வைத்து அடுக்கியிருக்கும்போது இன்னொரு தடவை யார் அடுக்குவது? அதே அகராதியை வாங்கிக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

ஓர் அசைவுக்கு ஒரே வகை. இதுதான் அகராதியின் முதல் விதி. இரண்டு வகை கொடுக்கலாமா என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தபோது மாசிலாமணிதான் எழுந்து சொன்னார்: "மஞ்சத்தூள் டப்பாவுல மிளகாத்தூளையும் சேத்துப் போட்டு வச்சா, அவசரத்துக்கு எதய்யா எடுக்கறது?" எல்லாரும் சிரித்தார்கள். விதி அன்றைக்கே நிறைவேறியது.

பவளக்கொடியைப் பதிவு செய்யப் போன இடத்தில்தான் அவர் அவளைக் கண்டதும், கட்டிக்கொண்டதும். ஒயிலாட்ட வரிசையில் முதல் ஆள் அவள். நாச்சியார் பிறந்து இரண்டு வருஷம் கழித்து அவள் மறுபடி மேடை ஏறியபோது, கை கீழே இறங்குகையில் கைக்குட்டையின் நுனி லேசாகச் சிலிர்ப்பதை மாசிலாமணி பார்த்தார். இப்படி ஒன்று அகராதியிலேயே இல்லை! அவர் துள்ளிக் குதித்தார்.

"நான் என்னத்தப் புதுசா செஞ்சேன்? கை தானா ஆடுது" என்றாள் பவளக்கொடி.

ஆட்டக்காரர்கள் எல்லாரும் சொல்லுகிற பேச்சு அது. நல்லா ஆடினீங்க என்று யாரிடம் போய்ச் சொன்னாலும், நான் எங்கே ஆடினேன், கால் தானா ஆடுச்சு என்பார்கள். தானாக ஆடுகிற வரைக்கும் அது ஆட்டமே இல்லை என்பது அவர்கள் கணக்கு. இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது மாசிலாமணிக்கு. மாதக்கணக்கில் கை போட்டுப் பார்த்தார், தளிரசைவு என்று பெயர் வைத்தார். வகை: ஆட்டம். முதல் உடல், அதாவது அதை முதலில் ஆடியவர்: பவளக்கொடி. ஊரே அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

டாக்டர் ஜெபமாலை பவளக்கொடியைக் கடைசிவரை பார்த்தவர். ஊசிக்கு அழுகிற பிள்ளையையும் சரி, பெரிய மனிதரையும் சரி, ஒரே மாதிரி அதட்டுகிறவர். நாச்சியாரின் கையைக் கருவிக்கு முன்னால் ஏற்றி இறக்கச் சொல்லிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சார், அம்மாவோட மரபணு இவளுக்கும் இருக்கு. அது உங்களுக்கே தெரியும். ஆனா இருக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு அது சாகுற வரைக்கும் தூங்கிட்டேதான் இருக்கும். முழிச்சிருச்சா இல்லையான்னு கை அசையறத வச்சுத்தான் சொல்ல முடியும்."

"அதச் சொல்லுங்க டாக்டரம்மா."

"அதத்தான் சொல்ல முடியல." கருவியை அவர் பக்கம் திருப்பினார். அதற்குள்ளும் இருப்பது அதே அகராதிதான்; அதில் ஒற்றைச் சொல்தான் இருந்தது. ஆட்டம்.

"காப்பி சிந்துச்சே?"

"எனக்கும்தான் காலையில சிந்துச்சு. சிந்துறதெல்லாம் நோயா?" டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பவளத்துக்கு இல்லாத மருந்து இப்ப இருக்கு. நோய் முழிச்ச உடனே ஆரம்பிச்சா அப்படியே நின்னுரும். கொஞ்சம் தாமதிச்சாலும் பிரயோசனமில்ல. ஆனா அத யார் சாப்பிட்டாலும் விரல் கட்டிப் போகும். சோறு அள்ளிச் சாப்பிடலாம், பேனா புடிக்கலாம். கைக்குட்டைய ஆட்ட முடியாது. நோய் இருக்குன்னு தெரியாம ஒரு ஆட்டக்காரிக்கு அத எப்படிக் குடுப்பேன்? இல்லேன்னு தெரியாம எப்படிக் குடுக்காம இருப்பேன்?"

"அவ கத்துக்கிட்ட ஆட்டத்தக் கழிச்சுட்டு, மிச்சத்தப் பாக்க முடியாதா?"

"முடியும். அதுக்கு, அந்த அசைவ மொதல்ல ஆடுன கை வேணும். நோயில்லாத கை. இருக்கா?"

மாசிலாமணி பெருமையோடுதான் எடுத்துக் காட்டினார். காப்பகத்தின் மூலப் பதிவு, நோய் தெரிவதற்கு வருஷக்கணக்கில் முந்தியது. மேடையில் பவளக்கொடி. தவில் முழங்குகிறது, வரிசை வளைந்து திரும்புகிறது, அவள் கை மேலே போய் இறங்குகிறது, குட்டையின் நுனி சிலிர்க்கிறது.

டாக்டர் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதட்டல் குரல் எங்கேயோ போய்விட்டது.

"சார், இது ஆட்டம் இல்ல."

மாசிலாமணி புரியாமல் பார்த்தார். புரியாமல் என்று சொல்வதும் சரியில்லை. அந்தச் சந்தேகம் அவர் மனசின் வாசலுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது; ஒரு தடவையும் உள்ளே விட்டதில்லை.

"அப்பவே ஆரம்பிச்சிருக்கு. நம்ம நெனச்சதுக்கு ரொம்ப முன்னாடி. அவ கை தானா ஆடியிருக்கு." டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பத்து வருஷமா இந்த நோய் குறைஞ்சுட்டே வருதுன்னு அறிக்கை வருது. நாங்க இனிப்புக் குடுத்துக் கொண்டாடுனோம். குறையல சார். எல்லாம் ஆட்டம்னு போய்ட்டிருந்திருக்கு."

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு புங்கமரம், அதன் கீழே சிமெண்டு பெஞ்சு. மாசிலாமணி மகளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். மறைத்துப் பேசும் சாமர்த்தியம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. நாச்சியார் விரலில் கட்டியிருந்த குட்டையை அவிழ்ப்பதும் சுற்றுவதுமாக இருந்தாள்.

"அப்போ நான் இத்தன வருஷமா ஆடுனது?"

"ஆட்டம்தான்டா கண்ணு."

"அம்மா ஆடுனது?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"இப்ப என் கையில இருக்கறது எது? அம்மா ஆட்டமா, அம்மா நோயா?"

"தெரியலையே ஆத்தா. அதான் யாருக்கும் தெரியல."

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவர், "தளிரசைவோட வகைய மாத்திரலாம்னு இருக்கேன்" என்றார். "நோய்னு."

அவள் வெடுக்கென்று திரும்பினாள். "அம்மாகிட்டருந்து நமக்கு மிச்சமிருக்கறது அது ஒண்ணுதான். அதையும் நோய்னு எழுதிருவீங்களா? உங்க கையாலயே?"

"எழுதலேன்னா? இன்னொரு வீட்ல இன்னொரு பவளம் இருப்பா. அவ கை தானா ஆடும். வாசல் ஆட்டம் ஆட்டம்னு தினமும் சொல்லிட்டே இருக்கும்." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினார். பக்கத்தில் இளநீர் விற்கிறவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

நாச்சியார் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை அவர் முதுகில் நடுங்கியது. எதனால் நடுங்கியதோ!

"எழுதுங்க. ஆனா அம்மா பேர மட்டும் அதுலருந்து எடுத்துருங்கப்பா" என்றாள்.

காப்பகப் பொறுப்பாளர் உக்கிரபாண்டி நல்ல மனிதர்தான். ஆனாலும் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அண்ணே, விளையாடுறீங்களா? நாளைக்குக் காலையில ஊர்ல இருக்கற வாசலெல்லாம் நோய் நோய்னு கத்தும். ஜனம் நம்மள சும்மா விடுவாய்ங்களா?"

"அப்ப ரெண்டு வகை குடு. ஆட்டம், நோய். ரெண்டும்னு போடு. பாக்கறவன் யோசிச்சுக்கட்டும்."

"ரெண்டு வகையா?" உக்கிரபாண்டி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "மஞ்சத்தூள் டப்பாவுல மிளகாத்தூள் போடக் கூடாதுன்னு சொன்னது யாருண்ணே? அகராதி பூராவையும் அப்படித்தான் கட்டி வச்சிருக்கோம். ஒரு இடத்துல பிரிச்சா மொத்தமும் சரிஞ்சுரும்."

பெயர் வைத்தவருக்கு வகையை மாற்றும் உரிமை உண்டு. அதுவும் விதிதான். உக்கிரபாண்டி தடுக்கவில்லை, அறையை விட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார். மாசிலாமணி பதிவைத் திறந்தார். தான் எழுதிய விளக்கத்தை ஒருதரம் வாசித்தார். எவ்வளவு ரசித்து எழுதியிருக்கிறார், பாவி மனுஷன்! வகை என்ற இடத்தில் ஆட்டத்தை அடித்துவிட்டு நோய் என்று எழுதினார். முதல் உடல் என்ற இடத்தில் பவளக்கொடியை அழித்தார். அந்த இடம் காலியாக இருந்தால் பதிவு மூடாது. அவர் யோசிக்கவே இல்லை. மாசிலாமணி என்று தன் பெயரைப் போட்டு மூடினார்.

மறுநாள் விடிந்ததும் தெருவே அலறியது. "நோய், வலது கை, மருத்துவரைப் பாருங்கள்." பால் பாக்கெட் எடுக்க வந்தவர், கோலம் போட வந்தவள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், யாரையும் விடவில்லை. நாச்சியார் வாசலைத் தாண்டினாள். அவளுக்கும் அதே சொல். பின்னாலேயே மாசிலாமணி தாண்டினார். அவருக்கும் அதே சொல்! ஒருநாளும் சலங்கை கட்டாத மனுஷன். மாதக்கணக்கில் கை போட்டுப் பார்த்த பழக்கம், அவர் கையிலும் அது குடியேறியிருந்தது. நேற்றுவரை வாசல் ஆட்டம் என்று சொல்வதை அவர் காதில் வாங்கியதே இல்லை; காதில் விழுந்தபோதும் மகளைச் சொல்கிறது என்றே நினைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. மரபணு இல்லாதவர்களைச் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்; மாசிலாமணியும் இல்லாதவர்தான், மகளுக்காக நின்றார். இருந்தவர்கள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லாரையும் வாசல் நோய் என்றுதான் சொல்லியிருந்தது. நேற்று எல்லாரையும் ஆட்டம் என்றது, இன்றைக்கு நோய் என்கிறது. யாருக்கு எது என்று அதற்கு நேற்றும் தெரியாது, இன்றும் தெரியாது. டாக்டர் ஜெபமாலை ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க." சிலர் மருந்தை வாங்கிக்கொண்டார்கள், சிலர் எழுந்து போனார்கள்.

நாச்சியார் வாங்கிக்கொண்டாள். முதல் மாத்திரையைப் போடும் முன்னால் எழுந்து நின்று, அந்த வராந்தாவிலேயே, தவில் இல்லாமல் பாட்டு இல்லாமல் ஒரு சுற்று ஆடினாள். உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி இடம் விட்டார்கள். குட்டையின் நுனி சிலிர்த்து இறங்கியது. மாசிலாமணி மட்டும் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

மழைக்காலம் ஒன்று வந்து போயிற்று. நாச்சியாரின் விரல்கள் கட்டிப் போயின. நடுக்கம் நின்றது. அது நோய் நின்றதா, ஆட்டம் நின்றதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. இனிமேல் யாராலும் சொல்லவும் முடியாது. அவள் ஒயிலாட்ட வரிசைக்குப் போவதை நிறுத்திவிட்டு, ஒரு ரேடியோ நிலையத்தில் செய்தி வாசிக்கப் போனாள்.

ஊரும் அந்த அசைவை மறந்தது. வாசல் நோய் என்று சொன்னால் எவன் வைத்துக்கொள்வான்? பயிற்றாடையிலிருந்து அதைத் தூக்கினார்கள். கையை விறைப்பாக இறக்கப் பிள்ளைகளுக்குப் புதுசாகப் பழக்கினார்கள். கல்யாண வீடுகளில் மாலை இப்போது கல்லு மாதிரி நேராக இறங்குகிறது. மாசிலாமணியையும் பழகிக்கொள்ளச் சொல்லி உக்கிரபாண்டி மன்றாடிப் பார்த்தார். அவர் முடியாது என்றுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாசிலாமணி காய்கறிப் பையோடு உள்ளே நுழைந்தார்.

"நோய், வலது கை, மருத்துவரைப் பாருங்கள்" என்றது வாசல்காணி.

"போடா, பெரிய இவன்" என்று அதைத் திட்டிவிட்டு அடுக்களைக்குப் போனார். இது தினமும் நடக்கிறதுதான். காப்பி போட்டார். ஆற்றி, நாச்சியாருக்கு எதிரே டம்ளரை வைத்தார். கை இறங்கியது. மேசையைத் தொடப்போகிற நேரத்தில் விரல்நுனி சிலிர்த்தது.

நாச்சியார் டம்ளரை எடுக்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"என்னம்மா? சீனி போடலையா?"

"போட்டிருக்கீங்க." டம்ளரைக் கட்டிப்போன விரல்களால் அவர் பக்கம் மெதுவாகத் தள்ளினாள். "அப்பா, இன்னொரு தடவ வைங்க."

மாசிலாமணி எடுத்தார். மறுபடி வைத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.